ஒரு பென்னி தபாலில் வந்த வாத்தியார்

(மெக்கானிக்கல், 2011 பேட்ச்)

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கத்திலிருந்து போன் வந்தபோது பிளான்ட்டில் இருந்தேன். சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது, சரி சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் யோசனை. ஹாஸ்டல் மெஸ் சாம்பார், செகண்ட் ஷோ பார்த்துவிட்டு வந்து சுவர் ஏறிக் குதித்தது, அரியர்ஸ் கிளியர் பண்ணிய வீரக்கதை... இதையெல்லாம் எழுத என்னைவிடக் கைதேர்ந்தவர்கள் நம் பேட்சிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். அதனால் நம் கல்லூரிப் பக்கமே வராத, காலமாகி 125 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்ட ஒரு மனிதரைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

வராதவர்தான். ஆனாலும் அவர் பெயர் உங்களுக்குத் தெரியும். எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலும் மாடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருக்கும் அல்லவா? ப்ளஸ் டூ லீவில் நாமெல்லாம் கட்டாயமாக அனுப்பப்பட்ட இடம். அங்கே ஒரு மூலையில் சிலர் மட்டும் மெஷினைத் தொடாமல், கோடு போட்ட நோட்டில் ஏதோ புழு நெளிவது மாதிரி கிறுக்கிக் கொண்டிருப்பார்கள். அது பிட்மன் ஷார்ட்ஹேண்ட். அந்த பிட்மன்தான் நம் கதாநாயகர். சர் ஐசக் பிட்மன்.

சுருக்கெழுத்துக்காரருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் என் தவறைச் சொல்ல வேண்டும்.

மூன்று வார்த்தை

படிப்பு முடித்து வேலையில் சேர்ந்த முதல் வருடம். ட்ரெய்னி. நைட் ஷிஃப்ட். ஒரு கண்டன்சேட் லைனில் வால்வை இறுக்கி மூடியும் உள்ளே வெந்நீர் கசிந்து போய்க்கொண்டே இருந்தது. பிளான்ட் பாஷையில் சொன்னால் வால்வ் பாஸிங். இதை லாக் புக்கில் எழுத வேண்டும். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். 'வால்வ் நாட் க்ளோஸிங்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'வால்வ் நாட் க்ளோஸ்ட்' என்று எழுதிவிட்டு, ரூமுக்குப் போய்த் தூங்கிவிட்டேன்.

காலை ஷிஃப்ட்டில் வந்தவர் படித்தார். வால்வ் மூடவில்லை என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார். போய்ப் பார்த்தார், மூடித்தான் இருந்தது. சரி, அதற்குள் யாரோ மூடிவிட்டார்கள் என்று நினைத்து வேலையைத் தொடங்கச் சொல்லிவிட்டார். பிளேஞ்ச் போல்ட்டைத் தளர்த்தியதும் வெந்நீர் பீறிட்டு, ஹெல்ப்பராக இருந்த ஒரு அண்ணனின் முன்கை வெந்துபோனது. மூன்று வாரம் வேலைக்கு வரவில்லை. கான்ட்ராக்ட் ஆள். அந்த மூன்று வாரம் அவர் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று நான் இன்றைக்கும் நினைத்துக் கொள்வேன்.

விசாரணையில் என் வாக்கியத்தை என்னையே படிக்கச் சொன்னார்கள். படித்தேன். எனக்கே அதில் நான் சொல்ல வந்தது தெரியவில்லை! நாலு வருடம் எஞ்சினியரிங் படித்திருக்கிறேன். தெர்மோடைனமிக்ஸில் நல்ல மார்க். ஆனால் நான் எழுதிய ஒரு வாக்கியத்தை ஒருவர் உட்கார்ந்து படித்து, இதற்கு என்னப்பா அர்த்தம் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எப்படித் தயாரானது என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. சீனியர் ரிப்போர்ட்டில் அட்டையை மட்டும் மாற்றிய புண்ணியவான்கள் இந்த மலரைப் படித்துக்கொண்டு இருக்கிறீர்கள்.

துணி மில் குமாஸ்தா

இனி பிட்மனுக்கு வருவோம். 1813 ஜனவரி 4-ம் தேதி, இங்கிலாந்தில் வில்ட்ஷயர் மாவட்டத்து ட்ரோபிரிட்ஜ் என்ற ஊரில் பிறந்தார். துணி நெசவுக்குப் பேர்போன ஊர். அப்பா சாமுவேல் ஒரு துணி ஆலையில் மேற்பார்வையாளர். வீட்டில் 11 குழந்தைகள், இவர் மூன்றாவது. வகுப்பறையில் நெரிசலும் புழுக்கமும் தாங்காமல் மயங்கி மயங்கி விழுந்ததால், பதின்மூன்று வயது வாக்கில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி ஆலையிலேயே குமாஸ்தாவாகச் சேர்த்துவிட்டார்கள்.

படிப்பு நின்றதே தவிர, படிப்பது நிற்கவில்லை. விடிவதற்கு முன் எழுந்து புத்தகம் படிப்பார். இங்கேதான் அவருக்கு ஒரு சிக்கல் வந்தது. தமிழ் மீடியத்தில் படித்த எவருக்கும் அது உடனே புரியும். புத்தகத்தில் கண்ணால் பார்த்த வார்த்தைகள் ஏராளம். காதால் கேட்டவை ரொம்பக் குறைவு. சுற்றியிருந்தவர்கள் பேச்சில் அந்த வார்த்தைகளே கிடையாது. எழுத்தைப் பார்த்து உச்சரித்தால் ஆங்கிலம் காலை வாரிவிடும். இங்கிலாந்தில் பிறந்த இங்கிலீஷ்காரருக்கே இந்தக் கதி என்றால் நம் கதியைக் கேட்பானேன்!

பிட்மன் என்ன செய்தார் தெரியுமா? வாக்கர் என்பவர் தொகுத்த உச்சரிப்பு அகராதியை எடுத்து ஆதி முதல் அந்தம் வரை படித்தார். தான் தப்பாக உச்சரித்து வந்த ஒவ்வொரு வார்த்தையையும் தனியே எழுதி வைத்துத் திருத்திக் கொண்டார். எழுத்துக்கும் ஒலிக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் அவர் மனசில் அப்போதே பதிந்துவிட்டது. டெய்லர் என்பவருடைய பழைய சுருக்கெழுத்து முறையையும் தானாகவே கற்றுக் கொண்டார்.

1831-ல் லண்டனில் ஆசிரியர் பயிற்சி, ஐந்தே மாதம். அடுத்த வருடம் பார்ட்டன் என்ற ஊரில் பள்ளி ஆசிரியர். 1835-ல் கல்யாணம். 1836-ல் வாட்டன்-அண்டர்-எட்ஜ் என்ற சின்ன ஊருக்கு மாறினார். அங்கே ஸ்வீடன்போர்க் என்பவரின் கருத்துகளைப் பின்பற்றும் புதிய சபையில் சேர்ந்தார். பள்ளி நிர்வாகிகளுக்கு அது பிடிக்கவில்லை, 1837-ல் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். மனுஷன் ஊரைவிட்டு ஓடவில்லை. அதே ஊரில் சொந்தமாக ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்.

இதற்கிடையில் இன்னொரு காரியமும் செய்து வந்தார். லண்டனில் சாமுவேல் பேக்ஸ்டர் என்ற பதிப்பாளர், ஒவ்வொரு வசனத்துக்கும் ஒப்பிட வேண்டிய மற்ற வசனங்களின் எண்களை ஓரத்தில் அச்சிட்ட பெரிய பைபிள் ஒன்றை வெளியிட்டிருந்தார். பிட்மன் தன் ஓய்வு நேரத்தில் அந்த எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, பிழைகளைக் குறித்து பேக்ஸ்டருக்கு அனுப்பி வந்தார். சம்பளம் கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை. வேறு யாரோ போட்ட புத்தகத்தில் இருக்கும் தப்பு, அதைப் படிக்கப் போகிறவனுக்கு இடைஞ்சல் என்ற ஒரே காரணம்தான்.

அந்த உழைப்பு வீண்போகவில்லை. டெய்லர் முறையைச் சுருக்கி மலிவாக வெளியிடலாம் என்று பிட்மன் கேட்டபோது, பழையதை எதற்கு, புதிதாக ஒன்றை உருவாக்கு என்று பேக்ஸ்டர் தரப்பில் யோசனை வந்தது. 1837 நவம்பரில் பிட்மனின் சொந்த முறை நாலு பென்னி விலையில் வெளியானது. அவருக்கு வயது 24.

அழுத்தினால் ஒன்று, விட்டால் ஒன்று

அவர் கண்டுபிடிப்பின் சூட்சுமம் தமிழர்களுக்குச் சுலபமாக விளங்கும். 'பல்' என்பதிலும் 'பஸ்' என்பதிலும் நமக்கு ஒரே 'ப'தான். ஒலி மட்டும் வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத இரண்டு எழுத்துகள். வாய் அசைவு ஒன்றுதான், அழுத்தம் மட்டும்தான் மாறுகிறது என்பதைப் பிட்மன் கவனித்தார். அதனால் இரண்டுக்கும் ஒரே சாய்ந்த கோட்டைக் கொடுத்தார். மெல்லிசாகப் போட்டால் 'பல்'லின் ப. அழுத்திப் போட்டால் 'பஸ்'ஸின் ப. அதே மாதிரி நிமிர்ந்த கோடு ஒன்று, 'டீ'யின் ட மெல்லிசு, 'டாக்டர்' ட அழுத்தம். படுத்த கோடு ஒன்று, 'கல்' மெல்லிசு, 'கணபதி' அழுத்தம்.

வரிசையிலும் ஒரு அழகு. உதட்டில் தொடங்கி, பல், அண்ணம் என்று தொண்டைப் பக்கம் போகிறது. நம் வல்லெழுத்து வரிசை தொண்டைப் பக்கத்துக் 'க'வில் தொடங்கி உதட்டுக்கு வருகிறது. வழி ஒன்றே, கிளம்பும் இடம்தான் வேறு. உயிரொலிகளுக்குக் கோட்டின் பக்கத்தில் புள்ளியும் சின்னக் கீறலும். வேகமாக எழுதும்போது அவற்றையும் விட்டுவிடலாம். எழுத்தைப் பார்க்காதே, காதில் விழுந்ததை எழுது என்பதுதான் மொத்தப் பாடமும். தமிழ்ச் சுருக்கெழுத்தும் இந்த வழியைப் பின்பற்றி வந்ததுதான்.

ஒரு பென்னி

1839-ல் பிட்மன் பாத் நகரத்துக்குக் குடிபோனார். அடுத்த வருடம் நடந்ததுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

அதுவரை பிரிட்டனில் தபால் என்பது பணக்காரர் சமாச்சாரம். எவ்வளவு தூரம், எத்தனை தாள் என்று கணக்குப் போட்டு வசூலிப்பார்கள். பெரும்பாலும் வாங்குகிறவர்தான் பணம் கட்ட வேண்டும். ரோலண்ட் ஹில் என்பவர் போராடி இதை மாற்றினார். 1840 ஜனவரி 10 முதல், அரை அவுன்ஸுக்கு உட்பட்ட கடிதம் நாட்டின் எந்த மூலைக்கும் ஒரே ஒரு பென்னிக்குப் போகும் என்று ஆனது.

எல்லாரும் இனி உறவுக்காரருக்குக் கடிதம் போடலாம் என்று சந்தோஷப்பட்டார்கள். பிட்மனுக்கு அதில் ஒரு வகுப்பறை தெரிந்தது. தன் முறை முழுவதையும் ஒரே தாளில் செதுக்கி அச்சடித்து ஒரு பென்னி விலை வைத்தார். படிக்கிறவர் பைபிளிலிருந்து சில வரிகளைச் சுருக்கெழுத்தில் எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும். பிட்மன் பிழைகளைக் குறித்துத் திருப்பி அனுப்புவார். திருத்தக் கட்டணம் எதுவும் கிடையாது.

இதை போஸ்ட் கார்டில் செய்தார் என்று பலர் எழுதுகிறார்கள். பிரிட்டனில் போஸ்ட் கார்டு வந்ததே 1870-ல்தான். மடித்த கடிதத்தில்தான் பாடம் போயிற்று, வந்தது. போன வழி எதுவாக இருந்தால் என்ன, முக்கியமானது திரும்பி வந்ததுதான். தொலைதூரத்தில் இருந்து புத்தகம் விற்றவர்கள் அவருக்கு முன்பும் உண்டு. படிக்கிறவன் கையால் எழுதிய தாள் வாத்தியாரிடம் போய், அவர் பேனா பட்டுத் திரும்பி வந்தது என்பதுதான் புதுசு. தொலைநிலைக் கல்வி வரலாற்றை எழுதுகிறவர்கள் பலரும் பிட்மனில் தொடங்குவது இதனால்தான். இதில் வியாபாரமும் இருந்தது, மறைப்பானேன்? படித்தவர்கள் அவர் புத்தகங்களை வாங்கினார்கள். ஆனாலும் ஒரு ஆலைத் தொழிலாளியின் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ராத்திரியில் கண் விழித்துத் திருத்துவதற்கு லாபக் கணக்கு மட்டும் போதாது.

தாள்கள் குவிந்தன. ஒருத்தரால் முடியவில்லை. 1843-ல் பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டு முழுநேரமும் இதில் இறங்கினார். அதே வருடம் ஒரு கடிதத் தொடர்புச் சங்கம் உருவானது. சுருக்கெழுத்தைக் கற்றுத் தேறியவர்கள் தங்கள் பெயரையும் விலாசத்தையும் பதிவு செய்வார்கள். புதிதாகக் கற்கிறவர்கள் தாளை அவர்களுக்கு அனுப்பலாம். அவர்கள் இலவசமாகத் திருத்தி அனுப்புவார்கள். நேற்றைய மாணவன் இன்றைக்கு வாத்தியார்! என்னைக் கேட்டால் அந்தக் கோடுகளைவிட இந்தப் பெயர்ப் பட்டியல்தான் பிட்மனின் பெரிய கண்டுபிடிப்பு.

சறுக்கிய இடங்கள்

மகான் என்று சொல்ல வரவில்லை. ஆங்கில எழுத்துக் கூட்டலையே ஒலிப்படி மாற்றிவிட வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் முயன்றார். 1840-களில் அலெக்ஸாண்டர் எல்லிஸ் என்ற அறிஞருடன் சேர்ந்து புது எழுத்துகளே உருவாக்கினார். அச்சுக்கூடமும் பத்திரிகையுமாகப் பணம் கரைந்தது. ஆங்கிலம் அசைந்து கொடுக்கவில்லை, இன்றைக்கும் நம் உயிரை வாங்கிக் கொண்டிருக்கிறது.

சுருக்கெழுத்தையும் சும்மா விடவில்லை. திருத்தம் மேல் திருத்தம். 1850-களின் கடைசியில் உயிரொலிகளின் வரிசையையே புரட்டிப் போட்டார். ஏற்கெனவே கற்றவர்களுக்கு வயிற்றெரிச்சல். அவர் தம்பி பென் பிட்மன் அமெரிக்காவில் குடியேறி சின்சினாட்டியில் சுருக்கெழுத்துப் பரப்பி வந்தவர். 1865-ல் லிங்கன் கொலைச் சதி வழக்கு விசாரணையைப் பதிவு செய்தவர்களில் அவரும் ஒருவர். அண்ணனின் புது வரிசையை அவரே ஏற்கவில்லை, பழையதையே சொல்லிக் கொடுத்தார். அட்லாண்டிக்கின் இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை என்று ஆகிப்போனது.

ஆனால் உழைப்பில் குறை வைக்கவில்லை. சைவச் சாப்பாடு. மது, புகை கிடையாது. எழுபது வயதைத் தாண்டிய பிறகும் விடியற்காலையில் எழுந்து மேஜைக்குப் போய்விடுவார். 1886-ல் மகன்களைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக் கொண்டார். 1894-ல் விக்டோரியா மகாராணி சர் பட்டம் கொடுத்தார். 1897 ஜனவரியில், 84 வயதில், பாத் நகரில் காலமானார்.

ஆந்தை

என் கதையின் இரண்டாம் பாகம் 2016-ல். எம்.எஸ். படிக்க அமெரிக்கா போனேன். முதல் ரிப்போர்ட்டே திரும்பி வந்துவிட்டது. திருத்தம் எதுவும் இல்லை, எழுத்து உதவி மையத்துக்குப் போ என்று ஒரு குறிப்பு மட்டும். நேரில் போக வெட்கம். ஆன்லைனிலும் அனுப்பலாம் என்றார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஃபைலை ஏற்றிவிட்டுப் படுத்தேன்.

அந்த ஊர்ப் பல்கலைக்கழகங்களில் இது பழைய ஏற்பாடு. இந்தியானா மாநிலத்துப் பர்டியூ பல்கலைக்கழகத்தில் எழுத்துக்கென்று ஒரு லேப் 1970-களிலேயே வந்துவிட்டது. நமக்கு ஃப்ளூயிட் மெஷினரி லேப் மாதிரி அவர்களுக்கு ரைட்டிங் லேப்! 1990-களின் நடுவில் அதை ஆன்லைனுக்குக் கொண்டு வந்தார்கள். ஆன்லைன் ரைட்டிங் லேப், சுருக்கமாக அவுல், அதாவது ஆந்தை. ராத்திரியில் விழித்திருக்கும் மாணவனுக்குப் பொருத்தமான பெயர்தான். அதன் பாடக் குறிப்புகளை யார் வேண்டுமானாலும், நம் ஊரில் இருந்தும், காசில்லாமல் படிக்கலாம். ஆள் உட்கார்ந்து உங்கள் எழுத்தைப் படித்துச் சொல்வது மட்டும் பொதுவாக அந்தந்தப் பல்கலைக்கழக மாணவர்களுக்குத்தான்.

இரண்டு நாளில் பதில் வந்தது. அனுப்பியவள் பி.ஏ. படிக்கும் பெண், என்னைவிட ஆறேழு வயது சின்னவள். ஒரு கமாவைக்கூடத் திருத்தவில்லை. ஓரமெல்லாம் கேள்விகள். இந்த இரண்டாவது பாராவில் நீ என்ன சொல்ல வருகிறாய்? இந்த அளவை எடுத்தது நீயா, வேறு யாராவதா? இந்த முடிவு கடைசிப் பக்கம் வரை ஏன் ஒளிந்திருக்கிறது? எனக்கு எரிச்சல். பீஸ் கட்டிப் படிக்கிறேன், திருத்திக் கொடுத்தால் என்ன குறைந்து போகும்? அப்புறம் விசாரித்தால், அதுதான் அங்கே விதியாம். முதலில் விஷயம் நிற்கிறதா என்று பார்ப்பது, இலக்கணம் அப்புறம். எழுதியவன் கையாலேயே திருத்த வைப்பது, தாங்கள் எழுதிக் கொடுப்பதில்லை.

வேறு வழியில்லாமல் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதினேன். எழுத எழுத, அந்த நைட் ஷிஃப்ட்டும் வெந்நீரும் ஞாபகம் வந்தது. அன்றைக்கு லாக் புக்கைப் பார்த்து ஒருவர், நீ பார்த்தது என்ன என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதுமே! தபால் வழிக் கல்வி பற்றி ஏதோ படித்துக் கொண்டிருந்தபோது பிட்மன் பெயர் கண்ணில் பட்டதும் அந்த நாட்களில்தான். எங்கள் அத்தையின் அலமாரியில் நான் சின்ன வயசில் பார்த்த பழுப்பேறிய புத்தகத்துக்காரர் என்று உடனே தெரிந்தது.

நம் கையில் இருப்பது

இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் ஒன்று கேட்பார்கள் என்று தெரியும். அண்ணா, இதற்கெல்லாம் இப்போது ஏ.ஐ. இருக்கிறதே, ஒரு நொடியில் திருத்திவிடுமே? நானும் உபயோகிக்கிறேன், குறை சொல்லவில்லை. என் பழைய வாக்கியத்தைக் கொடுத்துத் திருத்தச் சொல்லிப் பார்த்தேன். வால்வ் மூடப்படவில்லை என்று இலக்கண சுத்தமாக, அழகாக ஆக்கிக் கொடுத்தது. அந்த அண்ணனின் கை அப்போதும் வெந்துதான் இருக்கும். நான் பார்த்தது என்ன என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதை என் வாயிலிருந்து வரவழைக்க எதிரே ஒரு ஆள் வேண்டும், வால்வ் என்றால் என்ன என்று தெரிந்த ஆள்.

அப்படிப்பட்ட ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்? இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். பவர் பிளான்ட், பாலம், சாஃப்ட்வேர், ரயில்வே என்று எத்தனை துறை! பிட்மனுக்கு ஒரு பென்னி தபால் வேண்டியிருந்தது. நமக்கு அதுகூட வேண்டாம், போனில் அனுப்பலாம். குறை தபாலில் இல்லை, படித்துப் பார்க்க ஆள் இல்லாததில்தான்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ரீயூனியன் அன்று ரிஜிஸ்ட்ரேஷன் டேபிளில் ஒரு நோட்டு வையுங்கள். மாதம் ஒரு ஜூனியரின் இரண்டு பக்கத்தை, அது ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டோ வேலை விண்ணப்பமோ, படித்துக் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பச் சம்மதிக்கிறவர்கள் பெயரும் நம்பரும் எழுதட்டும். எழுதிக் கொடுக்க வேண்டாம், கேட்டால் போதும். ஜூனியர்களே, நீங்களும் வெட்கப்படாமல் அனுப்புங்கள். தப்பான வாக்கியம் கல்லூரியில் இருக்கும் வரை தாளோடு போய்விடும். வெளியே வந்தால் யார் கையிலாவது கொட்டும்.

நோட்டில் முதல் பெயர் என்னுடையது. நேரில் சந்திப்போம்!